சபை இடி

ஆவரங்காடு தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர் கண்ணபிரான் சென்னையில் மேசையைத் தட்டினால் ஆவரங்காட்டில் இடி இடிக்கும். மின்னல் கிடையாது, மழை கிடையாது, இடி மட்டும். வடகிழக்கு மூலையில் பிறந்து, கரிசல் காடெல்லாம் உருண்டு, தொகுதி எல்லை வந்ததும் நின்றுவிடும். நாகலாபுரம் போகிற ரோட்டில் எல்லை மேலேயே ஒரு டீக்கடை இருக்கிறது. இந்தப் பக்கத்து பெஞ்சில் இருப்பவர் கையில் கிளாஸ் நடுங்கும். அந்தப் பக்கத்து பெஞ்சில் இருப்பவர் பேப்பரைப் புரட்டிக்கொண்டிருப்பார். மற்ற உறுப்பினர்கள் தட்டினால் அவரவர் ஊரில் என்ன ஆகிறது என்று யாரும் விசாரித்ததில்லை. நம் ஊர்க் கதையைக் கேட்கவே ஆளில்லாதபோது அடுத்த ஊர்க் கதை எதற்கு.

கண்ணபிரான் எம்.எல்.ஏ. ஆனது யாரும் திட்டம் போட்டு நடந்த காரியமல்ல. கட்சியில் இரண்டு பெரிய புள்ளிகள் சீட்டுக்கு முட்டிக்கொண்டார்கள். எனக்குக் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, அவனுக்குக் கிடைத்துவிடக் கூடாது என்பதில் இருவருமே உறுதியாக இருந்தார்கள். கடைசியில் இரண்டு பேரும் ஒத்துக்கொண்ட ஒரே விஷயம், கண்ணபிரானால் யாருக்கும் எந்த ஆபத்தும் வராது என்பதுதான். ஆடு மேய்த்த குடும்பத்துப் பிள்ளை, கட்சிக் கூட்டங்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டே தலை நரைத்தவர், எதிர்த்துப் பேசத் தெரியாதவர். ஊரில் அவருக்கு ஓட்டு விழுந்ததற்குப் பாதிக் காரணம் அவர் மனைவி வெள்ளைத்தாய். ஆட்டையும் பார்த்து, கரிசல் காட்டையும் தன் கையாலேயே வெள்ளாமை செய்துகொண்டிருந்தவள். யார் வீட்டில் நல்லது கெட்டது என்றாலும் முதல் ஆளாகப் போய் நிற்பாள். அவள் வாய்ச்சொல்லுக்கு ஊரில் மரியாதை இருந்தது.

சபையில் கண்ணபிரானுக்குக் கடைசி வரிசையில், ஒரு தூணுக்குப் பின்னால் இடம் கிடைத்தது. அங்கிருந்து பார்த்தால் சபாநாயகரும் தெரியமாட்டார், முதலமைச்சரும் தெரியமாட்டார். நன்றாகத் தெரிந்தது கொறடா ஒருவர்தான். கொறடா என்றால் என்ன வேலை என்று வெள்ளைத்தாய் போனில் கேட்டபோது, அவர் அவளுக்குப் புரிகிற மாதிரியே சொன்னார்.

"மந்தை கலையாமப் பாத்துக்கிடுத ஆளு. அவரு கையைக் காட்டுனா நாங்க மேசையைத் தட்டணும். ஓட்டுக்கு விட்டா 'ஆம்'னு சொல்லணும். அவ்வளவுதான்."

"அப்ப நம்ம ஊருக்காரியத்தை எப்பப் பேசுவீய?"

"அதுக்கு மொறை வரும்ங்காவ."

கண்ணபிரானுக்குக் கை பெரிய கை. சின்ன வயதில் மலையடிவாரத்தில் சிதறிப்போன ஆடுகளை ஒரு கைதட்டலிலேயே திருப்பிக்கொண்டு வந்த கை. பேசத்தான் விடவில்லை, தட்டுவதையாவது ஒழுங்காகச் செய்வோம் என்று மனுஷன் உள்ளங்கை சிவக்கச் சிவக்கத் தட்டினார். முதல் கூட்டத்தொடர் ஆனி மாதத்தில் நடந்ததால் அப்போது கேட்ட இடியைக் கோடை இடி என்று ஊர் விட்டுவிட்டது. வினை புரட்டாசியில் வந்தது.

கரிசல் காட்டில் மழை பெய்த பிறகு விதைக்க முடியாது. நனைந்த கரிசலில் காலை வைத்தால் கால் திரும்பி வராது. டிராக்டரை இறக்கினால் டிராக்டர் அங்கேயே குடியிருக்கும். அதனால் புரட்டாசியில் வடகிழக்கில் முதல் இடி கேட்டதும், ஈரமே இல்லாத புழுதியில் விதையைப் போட்டு மூடிவிட்டு வானத்தைப் பார்த்துக் காத்திருப்பார்கள். இது பாட்டன் முப்பாட்டன் காலத்துச் சூதாட்டம். சென்னை ஆவரங்காட்டுக்கு வடகிழக்கில் இருப்பதும், அந்தப் புரட்டாசியில் சபை கூடியதும், மந்திரிமார் ஒருவரையொருவர் பாராட்டிக்கொள்ள நிறைய விஷயம் இருந்ததும் விவசாயியின் தலையெழுத்து. இடி கேட்டது. தொகுதி முழுக்க உளுந்தும் பாசியும் மக்காச்சோளமும் புழுதிக்குள் போயின. எறும்பு பாதியை இழுத்துக்கொண்டு போனது, புறா பாதியைப் பொறுக்கியது, மிச்சத்தைக் காட்டுப்பன்றி வந்து கிளறிவிட்டுப் போனது. கோவில்பட்டியில் விதைக்கடை வைத்திருக்கும் ஷேக் பரீத்துக்கு அந்த வருடம் இரண்டு தடவை வியாபாரம். ஆனால் அந்த மனிதர் அதற்குச் சந்தோஷப்படவில்லை. இரண்டாவது தடவை வந்தவர்களின் முகத்தைப் பார்த்து விதை நிறுக்கத் தன்னால் முடியவில்லை என்று வெள்ளைத்தாயிடமே சொன்னார்.

சங்கதியைக் கண்டுபிடித்தவள் வெள்ளைத்தாய்தான். ஒரு காலையில் கேள்வி நேரத்தை டிவியில் நேரலையாகக் காட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு மந்திரி தலைவர் பெயரைச் சொன்னார். கேமரா பின்னால் திரும்பியது. தூணுக்குப் பக்கத்தில் தன் வீட்டுக்காரர் கையை ஓங்குவதைப் பார்த்தாள். கை மேசையில் பட்ட நொடியில் வீட்டுக்கு மேலே இடி உருண்டு, அடுப்படியில் சருவச்சட்டி கீழே விழுந்தது. அடுத்த தட்டு, அடுத்த இடி. அவள் வெளியே வந்து வானத்தைப் பார்த்தாள். துடைத்துவைத்த மாதிரி வெறும் நீலம். மத்தியானம் போன் பண்ணி, நாளைக்கு ஒரு பொழுது தட்டாமல் இருங்கள் என்றாள். அவர் தட்டவில்லை, இடியும் இல்லை. அதற்கு மறுநாள் ஒரே ஒரு விரலால் மெல்லத் தட்டச் சொன்னாள். ஊருக்கு மேலே யாரோ தொண்டையைச் செருமிய மாதிரி ஒரு சத்தம் வந்து அடங்கியது.

கண்ணபிரான் பயந்துபோனார். பெண்டாட்டி சொல்லுக்காகச் சில நாள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கொறடா வந்து, கை வலியா, இல்லை மனசு வலியா என்று சிரித்துக்கொண்டே விசாரித்தார். அந்தச் சிரிப்புக்கு அர்த்தம் கடைசி வரிசைக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். பிறகு கண்ணபிரான் தோளில் கிடந்த துண்டை மடித்து மேசையில் போட்டு அதன் மேல் தட்டிப் பார்த்தார். ஊரில் இடி, போர்வைக்குள் இருமுகிற கிழவன் மாதிரி அமுங்கிக் கேட்டது. மேசையில் துண்டு போடுவது சபை மரபல்ல என்று அதையும் எடுக்கச் சொல்லிவிட்டார்கள்.

ஊர் இதைக் கேட்டு ஆச்சரியப்படவில்லை. கண்மாய் இருக்கும் தண்ணீர் இருக்காது, ஆஸ்பத்திரி இருக்கும் டாக்டர் இருக்கமாட்டார், இடி இருக்கும் மழை இருக்காது. இதில் புதிதாக என்ன இருக்கிறது. 'சபை இடி' என்று அதற்கு ஒரு பேர் வைத்தார்கள். சபை இடியை விட்டுவிட வேண்டும், சாமி இடிக்குத்தான் விதைக்க வேண்டும் என்று பேசி முடிவானது. எந்த இடி எது என்று சொல்கிற பொறுப்பு வெள்ளைத்தாய் தலையில் விழுந்தது. அவள் வீட்டு இடி, அவளுக்குத் தெரியாமல் இருக்குமா என்றார்கள். அவளும் மாட்டேன் என்று சொல்லவில்லை. எம்.எல்.ஏ. பெண்டாட்டியாகி அவளுக்குக் கிடைத்த ஒரே அதிகாரம் அதுதான்.

அடுத்த புரட்டாசியிலும் சபை கூடியது. ஒரு சாயங்காலம் வடகிழக்கில் இடித்தது. பக்கத்துக் காட்டுக்காரர் மந்திரமூர்த்தி டிராக்டரை நிறுத்திவிட்டு ஓடிவந்து, "மயினி, இது யாரு இடி?" என்று கேட்டார். வெள்ளைத்தாய் காதைச் சாய்த்துக் கேட்டாள். கனமான, நிதானமான, கொஞ்சம் சலித்துப்போன இடி. "அவியதான்" என்றாள். அது அவர் இல்லை. அன்று சபையை மத்தியானமே ஒத்திவைத்துவிட்டார்கள். கண்ணபிரான் விடுதியில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். விடிவதற்குள் மழை பிடித்தது. அந்த மாதிரி மழை பார்த்து வருடக்கணக்காகியிருந்தது. நாகலாபுரம் பக்கத்தில் விதைத்துவைத்திருந்தவர்கள் காட்டில் முளைப்பு பாய் விரித்த மாதிரி எழுந்தது. ஆவரங்காட்டில் விதையெல்லாம் வீட்டுக்குள் தானியக் குலுக்கையில் பத்திரமாக இருந்தது, காடெல்லாம் களியாகிக் கிடந்தது. காடு உலர்வதற்குள் பருவம் போய்விட்டது. வெள்ளைத்தாயை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவளுக்கு ஆறியிருக்கும்.

தை மாதம் கண்ணபிரான் ஊருக்கு வந்தபோது மந்திரமூர்த்தி தலைமையில் ஆட்கள் வீட்டு முற்றத்தில் வந்து உட்கார்ந்தார்கள். சண்டை போட வரவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்துத் தெளிவோடு வந்திருந்தார்கள்.

"அண்ணாச்சி, நீங்க தட்டுனா இடி வருது. சரிதான? அப்ப வாயைத் தொறந்து பேசுனா மழை வரணும்லா? எங்களுக்கு வேற ஒண்ணும் வேண்டாம். நம்ம பெரிய கண்மாய்க்கு வார கால்வாயை மறிச்சு சோலார் கம்பெனிக்காரன் வேலி போட்டுட்டான். அதை ஒரு வார்த்தை சபையில கேளுங்க. மழையும் வரும், வந்த தண்ணியும் கண்மாய்க்குப் போவும்."

கண்ணபிரான் தலையைக் குனிந்துகொண்டார். "கேக்கேன்யா" என்றார். அப்போது வெள்ளைத்தாய் அவர் முகத்தைப் பார்த்தாள். கேட்க வேண்டும் என்று அந்த மனிதருக்கு உள்ளபடியே ஆசை இருந்தது. அவளுக்கு அவர் மேல் கோபம் வராமல் போனது அந்த ஆசையைப் பார்த்ததால்தான்.

அதன் பிறகு இரண்டு வருடம் அவர் கேள்வி எழுதிக் கொடுத்துக்கொண்டே இருந்தார். கேள்வி எடுக்கப்படவில்லை, அல்லது எடுக்கப்பட்ட நாளில் அமளி, அல்லது அமளி இல்லாத நாளில் நேரமில்லை. ஊரில் இருக்கும்போது கல்யாணத்துக்குப் போனார், காதுகுத்துக்குப் போனார், சடங்கு வீட்டுக்குப் போனார், இழவு விழுந்த துட்டி வீட்டுக்குப் போனார். நான்கு இடத்தில் பயணிகள் நிழற்குடை கட்டித் தன் பெயரைப் பெரிதாகவும், தலைவர் பெயரை அதைவிடப் பெரிதாகவும் எழுதிவைத்தார். சபையில் தட்டினார். பக்கத்து ஊர்களில் இடி கேட்டு விதைத்தார்கள்; ஆவரங்காட்டில் காதைப் பொத்திக்கொண்டு குருட்டாம்போக்கில் விதைத்தார்கள்.

நான்காம் வருடம் புரட்டாசியில் ஒருநாள் போன் வந்தது. நாளைக் காலை கேள்வி நேரத்தில் பெரிய கண்மாய்க் கேள்வி வருகிறது, பேச விடுகிறார்கள் என்று கண்ணபிரான் இரண்டு தடவை சொன்னார். செய்தி பரவ அரைமணி நேரம் ஆகவில்லை. அன்று தொகுதியில் ஒருவர் பாக்கியில்லாமல் விதைத்தார்கள். இடியை நம்பி ஏமாந்தவர்கள், இடியை நம்பாமல் ஏமாந்தவர்கள், எல்லோரும் இப்போது கண்ணபிரானின் வாயை நம்பினார்கள். வெள்ளைத்தாய் குலுக்கையின் அடிமணி வரை வழித்துக்கொண்டுபோய்க் காட்டில் போட்டாள். அடுத்த வருடத்துக்கென்று ஒரு பிடிகூட வைக்கவில்லை. போன முறை தப்பாகச் சொன்ன வாய்க்கு இதுதான் பரிகாரம் என்று நினைத்தாள். மறுநாள் காலையில் ஷேக் பரீத் கடையை அடைத்துவிட்டு, கடம்பூர் போளியும் ஒரு குடையுமாக வந்து இறங்கினார். ஆடுகளைக் கொட்டிலில் அடைத்தார்கள். அண்டா குண்டானெல்லாம் முற்றத்துக்கு வந்தன. வெள்ளைத்தாய் நேரலை ஓடுகிற போனைக் கையில் பிடித்துக்கொண்டு தன் காட்டு வரப்பில் போய் நின்றாள்.

தூணுக்குப் பின்னாலிருந்து கண்ணபிரான் எழுந்தார். முதலில் தலைவரைப் பாராட்டினார், பிறகு தலைவரின் தலைவரை, பிறகு துறை மந்திரியை, பிறகு தனக்கு வாய்ப்பளித்த பேரவைத் தலைவரை. ஒவ்வொரு பேருக்கும் வடகிழக்கில் ஒவ்வொரு மேகம் வந்து நின்றது. பாராட்டு நீள நீள வானம் இருட்டியது. இந்த ஒரு பொழுதாவது முகத்துதிக்குப் பலன் இருக்கிறதே என்று மந்திரமூர்த்தி சொன்னார். "ஆவரங்காடு பெரிய கண்மாயின் வரத்துக்கால்வாயைச் சீரமைக்க அரசு முன்வருமா?" என்று கண்ணபிரான் கேட்டதும் தூறல் விழுந்தது. மந்திரி எழுந்து, அப்படியொரு கருத்துரு அரசிடம் இல்லை என்றார். தூறல் நின்றது.

அந்த இடத்தில் கண்ணபிரான் உட்கார்ந்திருக்க வேண்டும். கொறடா உட்காரச் சொல்லிக் கையும் காட்டிவிட்டார். ஆனால் மனிதர் உட்காரவில்லை. "கால்வாயை மறிச்சு வேலி போட உங்க துறைதான அனுமதி குடுத்தது? ரெண்டு வருசமா எழுதிக் குடுக்கேன், ஒருத்தராவது படிச்சியளா? எங்க சனம் புழுதியில விதையைப் போட்டுட்டு என் வாயைப் பாத்து நிக்குது" என்றார். கரிசல் காட்டில் மழை கொட்டியது. சாய்ந்து வந்தது, செங்குத்தாக வந்தது, ஓட்டைப் பெயர்க்கிற மாதிரி வந்தது. அண்டாக்கள் நிரம்பின. வேலி வழி விடாவிட்டால் என்ன, வானத்திலிருந்து நேராக விழுந்தே பெரிய கண்மாய் பெருகி மறுகால் பாய்ந்தது. ஷேக் பரீத் குடையை விரிக்க மறந்து நின்றார். வெள்ளைத்தாய் சேலையோடு நனைந்து, சேற்றில் முழங்கால் வரை புதைந்து, போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். தன் புருஷன் பேசி அவள் நனைந்தது வாழ்நாளில் அது ஒன்றுதான்.

பிறகு சபையில் ஒரு மூத்த அமைச்சர் எழுந்தார். உறுப்பினர் பேசியது மரபுக்கு ஒவ்வாதது, நீக்க வேண்டும் என்றார். பேரவைத் தலைவர், உறுப்பினரின் பேச்சு முழுவதும் அவைக்குறிப்பிலிருந்து நீக்கப்படுகிறது என்று படித்தார்.

மழை நின்றது என்று சொல்ல முடியாது. பெய்யவில்லை என்று ஆகிவிட்டது. கண்மாய்த் தண்ணீர் கரையை விட்டு இறங்கி, நடுப்பள்ளத்தில் சுருங்கி, வெடிப்புக்குள் இருந்த தவளைச் சத்தத்தோடு காணாமல் போனது. அண்டாக்கள் காய்ந்தன. சேறு புழுதியானது, வெள்ளைத்தாயின் கால் புழுதிக்கு அடியில் இறுகிப்போன மண்ணில் மாட்டிக்கொண்டது. மந்திரமூர்த்தி வந்து கடப்பாரையால் தோண்டி எடுத்தார். அவள் சேலை கொடியிலிருந்து அப்போதுதான் எடுத்த மாதிரி மொடமொடவென்று இருந்தது. கன்னத்துக் கண்ணீர்கூட இல்லை. தாலுகா ஆபீஸ் மழைமானியைப் போய்ப் பார்த்தார்கள். சுழியம். ஒன்றை மட்டும் நீக்க முடியவில்லை. புழுதிக்குள் விதை நனைந்து, தோலைக் கிழித்து, வெள்ளை முளையை நீட்டிவிட்டது. தண்ணீரைத் திரும்ப எடுக்கத் தெரிந்தவர்களுக்கு முளையைத் திரும்ப விதைக்குள் அனுப்பத் தெரியவில்லை. மத்தியான வெயிலில் தொகுதி முழுக்க அத்தனை முளையும் வெந்து செத்தது. பெய்யாத மழைக்கு முளைத்த பயிருக்குக் காப்பீடு கிடையாது என்று பிற்பாடு அதிகாரிகள் சொன்னார்கள். சட்டப்படி அது சரிதான்.

கண்ணபிரான் அந்த வாரக் கடைசியில் ஊருக்கு வந்தார். வெள்ளைத்தாய் சோறு வைத்தாள். அவர் கையை நனைக்காமல் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீக்கிட்டாவ, வெள்ளைத்தாயி."

"பேசுனது பேசுனதுதான? அதை எப்படி நீக்குவாவ?"

"அங்கன முடியும். மன்னிப்பு எழுதிக் குடுத்தா இருக்கலாம்ங்காவ. இல்லன்னா வெளிய போன்னுட்டாவ."

"வந்துருங்க" என்றாள் அவள். "ஆடு கெடக்கு, காடு கெடக்கு. நீங்க பேசுனீய, நான் நனைஞ்சேன். அந்த மானத்தோட வந்துருங்க."

அவர் சோற்றைப் பிசைய ஆரம்பித்தார். "நான் வந்துட்டா வேற ஒருத்தன் அங்கன உக்காந்து தட்டுவான்ட்டி. ஒண்ணும் மாறாது" என்றார்.

"தட்டட்டும். நம்ம தலைமேல இடிக்காதுல்லா."

அவர் சாப்பிட்டுவிட்டுக் கையைக் கழுவினார். மறுநாள் சாயங்காலம் கோவில்பட்டியில் ரயில் ஏறினார். மன்னிப்புக் கடிதத்தை அவரே எழுதினாரா, எழுதிக் கொடுத்ததில் கையெழுத்துப் போட்டாரா என்று அவள் கேட்கவில்லை. புருஷன் செத்தவளுக்குக்கூட அழுது தீர்க்க ஒரு இடம் உண்டு. தனக்கு அதுவும் இல்லை என்று மந்திரமூர்த்தியின் பெண்டாட்டியிடம் ஒருமுறை சொன்னாள். அதற்குமேல் அதைப் பற்றி அவள் பேசியதாக யாருக்கும் தெரியவில்லை.

ஐந்தாம் வருடம், தேர்தலுக்கு முந்தின கூட்டத்தொடரில், பெரிய கண்மாயையும் அதைச் சுற்றிய மேய்ச்சல் தரையையும் சோலார் பூங்காவுக்குக் கொடுக்கிற மசோதா வந்தது. கடைசி நாளில் மூட்டையாக வந்த மசோதாக்களில் அதுவும் ஒன்று. 'ஆம் என்போர்' என்று கேட்டதும் ஆம் என்றார்கள். மந்திரி நன்றி சொன்னார், கொறடா பின்னால் திரும்பிக் கடைசி வரிசையைப் பார்த்தார். ஆவரங்காடு அதுவரை கேட்ட இடிகளிலேயே பெரிய இடி அப்போது இடித்தது. கண்மாய்க்கரை அம்மன் கோயில் மணி தானாக அடித்தது, ஆடுகள் அறுத்துக்கொண்டு ஓடின.

வெள்ளைத்தாய் அப்போது காட்டில் இருந்தாள். விதைப்பதை விட்டுவிட்டு, காடு மண்டிப்போயிருந்த சீமைக்கருவேலத்தைக் கரிமூட்டத்துக்கு வெட்டிக்கொண்டிருந்தாள். கூட வெட்டிக்கொண்டிருந்த இந்துஜா, மந்திரமூர்த்தி வீட்டுக்கு ஓட்டப்பிடாரத்திலிருந்து வாழவந்து ஒரு மாதமே ஆன மருமகள், அரிவாளைப் போட்டுவிட்டு வானத்தைப் பார்த்தாள்.

"பெரியத்தை, மழை வருதா?"

வெள்ளைத்தாய் நிமிரவில்லை.

"மழை இல்லட்டி. எங்க வீட்டு அவிய நல்லா இருக்காவ" என்றாள். "வேளாவேளைக்குச் சாப்பிடுதாவ போலுக்கு, கையில பெலம் இருக்கு."

பிறகு முள் குத்தாமல் கிளையை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று அந்தப் பெண்ணுக்குக் காட்டிக்கொடுத்தாள். பொழுது சாய்வதற்குள் இரண்டு பேருமாக ஒரு மூட்டத்துக்கு வேண்டிய விறகை வெட்டி முடித்தார்கள்.